தானாய் முளைத்த கன்றுக்கும் பதிவேட்டில் ஒரு நிரல் வேண்டும்

இலங்கையின் வடக்கிலுள்ள மரத்தோட்டங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

மாரி தொடங்குமுன் வன்னித் தேக்கந் தோட்டங்களிலும் குடாநாட்டுக் கரையோரச் சவுக்கந் தோப்புகளிலும் பற்றை வெட்டித் துப்புரவாக்க இந்த ஆண்டும் ஆள் பிடிக்கிறீர்கள். ஒரு மரத்தடியில் நின்று பார்த்தால் அந்த வரிசையின் அடுத்த பத்து மரத்தின் அடியும் தெரியவேண்டும். வேலை சரியா பிழையா என்று பார்க்க வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். அந்தப் பற்றைக்குள் என்ன நிற்கிறது என்று வெட்டுமுன் யாரும் எண்ணுவதில்லை. பாலை நிற்கிறது. வீரை, முதிரை, கருங்காலி, விண்ணாங்கு, தேற்றா, நாவல், ஆத்தி, கொன்றை, இலுப்பை, வேம்பு நிற்கின்றன. யாரும் நடாமல், ஒரு வாளி தண்ணீர்கூட யாரும் ஊற்றாமல் வந்த கன்றுகள் இவை. எல்லாம் நாயுண்ணியோடும் கினிப்புல்லோடும் சேர்ந்து ஒரே வீச்சில் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கார்த்திகை மரநடுகை மாதம் வருகிறது. அதே மாவட்டங்களுக்குப் பொலித்தீன் பையில் கன்று ஏற்றிவந்து, குழி வெட்டி, படம் எடுத்து நடுகிறோம். இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க இனி எங்களால் முடியாது.

தேக்கு வேண்டாம் என்று கேட்க நாங்கள் வரவில்லை. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டபின் வீட்டுக்கூரைக்கும் கதவு நிலைக்கும் தளபாடத்துக்கும் வேண்டிய மரத்தின் சுமை பெரும்பாலும் தோட்டங்களின் தலையிலும் வீட்டு வளவுகளின் தலையிலும்தான் விழுந்தது. தோட்டங்கள் இல்லாவிட்டால் அந்தக் கோடரி மிஞ்சிய காட்டுக்குள் போகும். ஒல்லாந்தர் காலத்தில், 1680 அளவில், இந்தத் தீவுக்கு வந்த தேக்கு இன்று இங்கே வேரூன்றிய பயிர். பயிர் பயிராக இருக்கட்டும். அதன் நிழலில் தானாக எழும்பி வருகிற காட்டை ஆண்டுதோறும் கூலி கொடுத்து அழிப்பதைத்தான் பிழை என்கிறோம்.

துப்புரவு முடிந்த தேக்கந் தோட்டம் ஒன்றுக்குள் போய், முழங்காலில் இருந்து, ஒரு பாலைக் கன்றின் அடி மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே தெரிவது ஒரு சாண் உயரத்தில் நாலைந்து துளிர், தடித்த இலை, உடைத்தால் பால். இவ்வாண்டு முளைத்த கன்று என்றே எவரும் சொல்வர். மண்ணுக்குள் விரலை விட்டால் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டை தட்டுப்படும், முண்டும் முடிச்சுமாக. கத்தி பட்ட இடத்தில் பட்டை சுருண்டு மூடி, அதன் பக்கத்திலிருந்து புதுத் துளிர் எழும்பி, அதுவும் வெட்டுப்பட்டு, மறுபடி மூடிய தழும்புகள் அவை. எண்ணினால் ஐந்து, ஆறு, சிலவற்றில் அதற்கும் மேல். அந்த வேருக்கு அத்தனை ஆண்டு வயது. அது ஆழத்தில் ஈரத்தைப் பிடித்துவிட்டது. நாற்றுமேடையிலிருந்து வரும் எந்தப் பாலைக் கன்றுக்கும் அப்படி ஒரு வேர் கிடையாது. வெட்டாமல் விட்டால் அந்தக் கட்டையிலிருந்து எழும்பும் தண்டு புதிதாக நட்ட கன்றை ஓரிரு மாரியிலேயே முந்திவிடும். மெதுவாக வளரும் மரம் பாலை. அதன் ஆறேழு ஆண்டுச் சேமிப்பை ஒவ்வொரு ஆடியிலும் அழித்துவிட்டு, வன்னிக்காட்டில் பாலை அருகிப்போகிறது என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

பற்றை என்று ஒரே பெயரில் வெட்டுவதால் வரும் கேடு அத்தோடு நிற்பதில்லை. சூரைப் பற்றையும் கிளாவும் காரையும் ஈஞ்சும் கன்றுகளுக்கு வேலி. மாடும் ஆடும் வாய் வைக்க முடியாத அந்த முள்ளுக்குள்தான் பாலையும் வீரையும் தப்பி நிற்கின்றன. பழம் தின்ன வரும் குருவி எச்சமிடும் இடமும் அந்தப் பற்றைதான், ஆகவே விதை விழும் இடமும் அதுவே. முள்ளை வெட்டிக் கன்றை விட்டாலும் மறுகிழமை ஆடு அதை மொட்டையாக்கிவிடும். கன்றைக் காப்பாற்றுவது என்றால் முள்ளையும் ஓரளவு விட்டுவைப்பது என்று பொருள். கன்றின் உச்சி வெளியே தெரியும்படி மேற்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டுச் சுற்றுமுள்ளை இடுப்பளவில் விடலாம். கன்று ஆளுயரம் தாண்டிய பின் முள் தேவையில்லை. நிழல் கூடக் கூடச் சூரை தானாகவே மெலிந்துபோகும்.

உண்மையில் அகற்ற வேண்டியவை நாயுண்ணி, கினிப்புல், இப்பில் இப்பில் போன்ற அந்நியச் செடிகள். இவற்றைக் கோடையில் அடியோடு சீவுவதால் எந்தப் பலனும் இல்லை. நாயுண்ணியின் ஒரு தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு தண்டு வரும். கினிப்புல் வெட்டிய பத்தாம் நாள் பச்சையாக நிற்கும். இப்பில் இப்பிலின் விதை மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிக் கிடந்து, வெளிச்சம் பட்டதும் முளைக்கும். எல்லாவற்றையும் ஒரே மட்டமாகச் சீவினால் முதலில் எழும்புவது இவைதான். மெதுவாக எழும்பும் பாலையும் கருங்காலியும் இவற்றின் அடியில் அமுங்கிப்போகும். பத்து ஆண்டு இப்படிச் சீவிய தோட்டத்தில் கடைசியில் மிஞ்சுவது தேக்கும் நாயுண்ணியும்தான். அதைப் பார்த்துவிட்டு "கீழே ஒன்றுமில்லை, வெறும் பற்றை" என்று எழுதுகிறோம். வேலை எளிதாகும் காலம் மார்கழியும் தையும். மண் நனைந்திருக்கும்போது நாயுண்ணி அலவாங்கால் நெம்பினால் வேரோடு வரும், இப்பில் இப்பில் கன்று கையால் இழுத்தாலே வரும். பிடுங்கியதை வேர் மேலே இருக்கும்படி தேக்கின் கவட்டில் மாட்டிவிட்டால் மறுபடி பிடிக்காது. கோடை வேலையின் அதே கூலிநாட்களை மாரிக்கு மாற்றினால் போதும், புதிதாகப் பணம் தேவையில்லை.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடியில் வெட்டிய பற்றை தேக்கஞ் சருகின்மேல் முழங்கால் உயரத்துக்குக் கிடந்து, சோளகக் காற்றில் பத்து நாளில் காய்ந்துவிடும். வேட்டைக்குப் போகிறவர் போட்ட நெருப்போ புல் துளிர்க்கட்டும் என்று மாட்டுக்காரர் வைத்த நெருப்போ அதற்குள் வந்தால், நின்ற பற்றையில் தரையோடு ஊர்ந்து போகிற தீ, வெட்டிக் கிடக்கும் பற்றையில் ஆளுயரத்துக்கு எழும்பும். தேக்கின் பட்டை தடிப்பானது, கருகியும் பிழைத்துக்கொள்ளும். பென்சில் பருமனில் நிற்கும் வீரைக் கன்று பிழைக்காது. எரிந்த தரையில் முதல் ஐப்பசி மழை விழும்போது இன்னொரு சேதம். அகன்ற தேக்கிலையில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரியது, மண்ணை அறைந்து கிளப்பிவிடும். பற்றையும் சருகும் இல்லாத தரையில் அந்தக் கலங்கல் நீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு கீழேயுள்ள குளத்துக்குப் போகிறது. தேக்கு வேர் வெளியே தெரிய நிற்கும் தோட்டங்கள் எல்லாம் கீழ்த்தட்டு, அதாவது பெருமரத்தின்கீழ் நிற்கும் கன்றும் பற்றையும், இல்லாத தோட்டங்கள். தீக்குப் பயந்து பற்றை வெட்டுகிறோம் என்பது உங்கள் பக்க நியாயமானால், அந்தக் கூலியைத் தீத்தடைப் பாதைக்குக் கொடுங்கள். தோட்டத்தைச் சுற்றி ஐந்து மீற்றர் அகலத்துக்கு ஆனியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை சருகைப் பெருக்கி மண் தெரியவைத்தால் போதும். உள்ளே பச்சையாக நிற்கும் கீழ்த்தட்டு ஈரத்தைப் பிடித்துக் காற்றையும் தணிக்கும். அதை வெட்டிக் காயப்போட்டால் அதுவே விறகாகிறது.

வெட்டும் தொழிலாளரை நாங்கள் குறை சொல்லவில்லை. பாலைக் கன்றையும் நாயுண்ணியையும் வேறுபிரித்தறிய அவர்களுக்கு நன்றாகவே தெரியும், எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் கூலி ஹெக்டேயர் கணக்கு. புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கன்றையும் சுற்றி வளைந்து போனால் நாட்கூலி பாதியாகிவிடும். நட்ட கன்றுக்குப் பதிவேட்டில் ஒரு எண் உண்டு. அது செத்தால் கேட்க ஆள் உண்டு. தானாய் முளைத்ததற்கு எண் இல்லை, நிரல் இல்லை, கேட்க ஆளும் இல்லை. குறை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

எண்ணுவது கடினமான காரியமுமில்லை. பத்து மீற்றர் பக்கமுள்ள சதுரம் வருமாறு நாற்பது மீற்றர் கயிற்றில் நான்கு முடிச்சு, நான்கு தடி, ஒரு கொப்பி, இரண்டு பேர். தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையைப் பார்த்து நடந்து, நூறு மீற்றருக்கு ஒருமுறை நின்ற இடத்திலேயே கயிற்றை விரிக்க வேண்டும். நல்ல இடமாகத் தேடி விரித்தால் கணக்குப் பொய்யாகும். சதுரத்துக்குள் நிற்கும் உள்ளூர் மரக் கன்றுகளைப் பெயர்வாரியாக மூன்று உயரத்தில் எழுதலாம்: முழங்காலுக்குக் கீழ், முழங்காலிலிருந்து தோள்வரை, தோளுக்கு மேல். வெட்டுப்பட்டுத் துளிர்க்கும் கட்டையையும் சேர்க்க வேண்டும், அதுதான் பெறுமதி கூடியது. நூறு சதுர மீற்றரில் எண்ணியதை நூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேயர் கணக்கு. சதுரத்துக்கு நான்கு கன்று என்றால் ஹெக்டேயருக்கு நானூறு, அதாவது சராசரி ஐந்து மீற்றருக்கு ஒன்று. முதிர்ந்த பாலைக்கும் வீரைக்கும் அதைவிட நெருக்கம் தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கன்றுகூட நடவேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. ஒரு எச்சரிக்கை: காகமும் மைனாவும் குயிலும் இரவு தங்கும் கிளைக்குக் கீழ் வேப்பங் கன்று ஐம்பது அறுபதாகக் குவிந்து நிற்கும், வௌவால் தொங்கும் மரத்தடியில் இலுப்பையும் நாவலும் அப்படியே. ஒரு சதுரம் அதில் விழுந்தால் சராசரி ஏறிவிடும். ஆகவே சராசரியோடு, பத்துச் சதுரத்தில் எத்தனையில் இரண்டுக்கு மேல் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஏழிலாவது நின்றால் நம்பலாம்.

எண்ணிய பின் அடையாளம் இட வேண்டும். நாடா கட்டினால் வெயிலில் வெளுத்து, இலைக்குள் மறைந்துவிடும், இயந்திரம் பிடித்தவரின் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பனை மட்டை நல்லது. ஒரு மீற்றர் நீளத்தில் தறித்து, மேற்பாதிக்குச் சுண்ணாம்போ வெள்ளைப் பெயின்றோ பூசி, கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஆள் வரும் பக்கத்தில் ஊன்றினால் தூரத்திலேயே தெரியும், தகடு பட்டாலும் முதலில் மட்டையில்தான் படும். மட்டையைச் சுற்றி ஒரு மீற்றர் தூரத்துக்குள் இயந்திரம் வரக்கூடாது. அந்த வட்டத்தைக் கத்தியால் கைவேலையாகத் துப்புரவாக்கி, வெட்டிய புல்லை அங்கேயே மூடாக்காகப் போடலாம், தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட்டு. கன்றில் சுற்றிய கொடியை மட்டும் அடியில் அறுத்துவிட வேண்டும். மேலே கிடக்கும் கொடியை இழுத்தால் கன்று முறியும், காய்ந்து தானே விழட்டும். பல துளிர் எழும்பிய கட்டையில் முதல் ஆண்டு கை வைக்கக்கூடாது. இரண்டாம் மாரி முடிந்ததும் நேராகவும் அடியோடு ஒட்டியும் நிற்கும் ஒன்றை, வேண்டுமானால் இரண்டை, விட்டு மற்றதைக் கழிக்கலாம். முதல் ஆண்டே ஒன்றாக்கினால் அந்த ஒன்று மாட்டுக்கு அகப்பட்டபின் ஒன்றுமில்லாமல் போகும்.

அடுத்தது வெளிச்சம். மூன்று மீற்றர் இடைவெளியில் நட்ட தேக்கு ஹெக்டேயருக்கு 1,111 மரம். காலத்தில் இடையிடையே மரம் வெட்டி ஐதாக்காமல் விட்டால் கிளைகள் முட்டிக்கொண்டு, கீழே நிற்கும் கன்று செத்தும் போகாது, வளர்ந்தும் வராது, அதே முழங்கால் உயரத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இந்த நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்துப் பைனஸ் தோட்டங்களில் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க, மார்க் ஆஷ்டன் ஆகியோரும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 1990களில் பைனஸ் வரிசைகளை வெவ்வேறு அகலத்தில் நீக்கி, அந்த இடைவெளிகளில் மழைக்காட்டு மரங்களை வளர்த்துப் பார்த்தார்கள். மூன்று வரிசை நீக்கிய இடத்தில் கன்றுகள் நன்றாக எழும்பின. கூரை மூடியே கிடந்த இடத்தில் மந்தமாக நின்றன. அந்நிய மரத் தோட்டம் உள்ளூர்க் காட்டுக்குச் செவிலியாக இருக்கக்கூடும், ஆனால் கூரையைத் திறந்துவிட வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த அளவை அப்படியே வன்னிக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது ஈரவலயம், ஆண்டு முழுவதும் மழை. இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டிவிட்டு, பிறகு நீண்ட கோடை. மூன்று வரிசையை எடுத்துப் பன்னிரண்டு மீற்றர் திறந்தால் கினிப்புல் உள்ளே வந்துவிடும், மண் காயும். ஒரு வரிசை மட்டும் எடுத்தால் ஆறு மீற்றர், தேக்கு அதைச் சில ஆண்டுகளிலேயே மூடிவிடும். இரண்டு வரிசை எடுத்து ஒன்பது மீற்றர் திறப்பது இங்கே பொருந்தும் என்று நினைக்கிறோம். அந்தத் திறப்பு வடக்குத் தெற்காக ஓட வேண்டும். கிழக்கு மேற்காக வெட்டினால் காலை முதல் மாலை வரை வெயில் உள்ளே நிற்கும், வடக்குத் தெற்கானால் உச்சிப்பொழுதில் மட்டும் விழும். பாலைக்கும் வீரைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம் போதும். திறப்பு தொடர்ந்து நீளமாகவும் போகக்கூடாது. நாற்பது மீற்றருக்கு ஒருமுறை நான்கைந்து மரத்தை வெட்டாமல் குறுக்கே விட்டால் சோளகம் அதற்குள் குழாய் போல் ஊதாது.

முற்றாக வெட்டும் தோட்டங்களில்தான் பெரிய இழப்பு. முப்பது ஆண்டில் தேக்கின்கீழ் திரண்ட கீழ்த்தட்டு ஒரே கிழமையில் பெக்கோ இயந்திரத்தின் சில்லுக்குக் கீழ் போகிறது. மிஞ்சியதைக் குவித்துக் கொளுத்தி, மறுபடி தேக்கே நடப்படுகிறது. மரம் விழும் திசையை வெட்டுமுன் தீர்மானித்து, கட்டையை இழுக்கும் பாதையை மூன்று மீற்றர் அகலத்தில் நாற்பது மீற்றருக்கு ஒன்றாக வரையறுத்தால், தரையில் பத்தில் ஒரு பங்குகூடச் சிதையாது. இயந்திரம் அந்தப் பாதையை விட்டு இறங்காமல் கயிற்றால் கட்டையை இழுத்தெடுக்கலாம். முறிந்துபோன கன்றை அப்படியே விடாமல் தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில் கூரிய கத்தியால் சரிவாக வெட்டிவிட்டால், பாலையும் வீரையும் முதிரையும் மறுபடி துளிர்க்கும். பிளந்த தண்டில் பூஞ்சணம் ஏறினால் வேரும் போய்விடும். கொப்புகளைக் கொளுத்தவே கூடாது. குறுக்காக அடுக்கி அழுகவிட்டால் அதற்குள் பல்லியும் ஓணானும் கீரியும் குடிவரும், அதன் ஓரத்தில் கன்று முளைக்கும்.

கரையோரச் சவுக்கந் தோப்பின் கதை வேறு. அங்கே கையை நுழைத்தால் மணிக்கட்டு வரை சருகு. ஊசி போன்ற அந்தச் சருகு மெதுவாகவே உக்கும். மேலே விழுந்த விதை மாரியில் முளைக்கும், ஆனால் அதன் வேர் சருகைத் தாண்டி மணலைத் தொடுமுன் தையில் காய்ந்துவிடும். சவுக்கின் சொந்த விதைக்கும் இதே கதிதான். சவுக்கு தன் நிழலில் தன் கன்றை வளர்க்காது, வெட்டிய அடிக்கட்டையிலிருந்தும் நன்றாகத் துளிர்க்காது. ஒரே காலத்தில் நட்ட தோப்பு ஒரே காலத்தில் கிழடாகும். அன்றைக்குக் கீழே வேறு எதுவும் நிற்காவிட்டால் மணல் மறுபடி நடக்கத் தொடங்கும். மணற்காடு என்ற கரையோர ஊரில் மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை, தாய்லாந்துக் கரைகளில் செய்த ஆய்வுகளும் மேலே உயர்ந்த மரமும் கீழே தாழையுமாக இரண்டு தட்டில் நிற்கும் பசுமை நீரின் வேகத்தைக் கூடுதலாக உடைக்கும் என்றே காட்டின. கீழ்த்தட்டைச் சீவிய சவுக்கந் தோப்பில் தண்டுகளுக்கு இடையால் நீர் தடையின்றிப் போகும்.

இந்தத் தோப்புகளுக்குள் முதலில் பனையைப் போடுங்கள். பனங்கொட்டை முளைக்கும்போது இலையை மேலே அனுப்பாமல் முதலில் கீழேதான் இறங்கும் என்பது பனங்கிழங்கு கிண்டிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். சருகைத் தாண்டி ஈரமணலைத் தொடும் வலு அதற்கு உண்டு. நாற்றுமேடை தேவையில்லை, பை தேவையில்லை. ஆவணி, புரட்டாதியில் விழுந்த கொட்டையை நான்கு மீற்றருக்கு ஒரு இடமாக, இடத்துக்கு இரண்டாக, ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டால் மாரி மிச்சத்தைப் பார்க்கும். கடற்பக்கம் தாழை, உட்பக்கம் புன்னை, பூவரசு, வேம்பு, கிளா, ஈஞ்சு. இவற்றுக்குச் சருகை ஒரு முழ வட்டத்தில் மட்டும் விலக்க வேண்டும். நீளப் பட்டையாகப் பெருக்கினால் காற்று மணலைக் கிளப்பிவிடும். இன்னொன்று: இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் படர்ந்த திறந்த மணற்றிட்டை வெறுந்தரை என்று எண்ணி அதிலும் சவுக்கு நடாதீர்கள். அதுவே அந்த மண்ணின் காடு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொன்ன ஊர் இது.

கன்று நட்டே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. அங்கே நடப்பது என்னவென்றால், கார்த்திகையில் நடுவதற்கான கட்டளை நாற்றுமேடைக்குப் புரட்டாதியில் வருகிறது. ஆறு கிழமையில் பாலைக் கன்று எங்கிருந்து வரும்? கையிருப்பில் இருப்பது தேக்கு, மகோகனி, மலைவேம்பு. அவையே போகின்றன, பதிவேட்டில் "மரக்கன்று" என்று ஏறுகின்றன. பாலை நடக்கூடிய உயரத்துக்கு வர இரண்டு மாரி தேவை. பழம் வைகாசி, ஆனியில்தான் கிடைக்கும், யாழ்ப்பாணச் சந்தைக்கு வன்னியிலிருந்து பாலைப்பழம் வரும் அதே நாட்களில். வேப்பம் விதையும் நாவல் விதையும் சில கிழமைகளில் முளைப்பை இழந்துவிடும், பொறுக்கிய கையோடு போட வேண்டும். முதிரைக் காய் வெடித்துச் சிறகு விதை பறக்குமுன் கொத்தாக அறுத்துச் சாக்கில் காயப்போட வேண்டும். ஒரே மரத்தடியில் சாக்கு நிறையப் பொறுக்குவது எளிது, ஆனால் அது ஒரு தாயின் பிள்ளைகளை ஊர் முழுக்க நடுவதாகும். ஒன்றுக்கொன்று நூறு மீற்றராவது தள்ளி நிற்கும் பதினைந்து இருபது மரங்களிலிருந்து விதை கலக்க வேண்டும். பையை மூன்று கிழமைக்கு ஒருமுறை தூக்கி வைக்காவிட்டால் ஆணிவேர் தரைக்குள் போய்விடும். ஏற்றும் நாளில் அது அறுபட்டு, நட்ட கன்று பங்குனியில் காயும். பிழைக்கவில்லை என்ற பழி மட்டும் பாலைக்கு வரும். நடும்போதும் இடம் பார்க்க வேண்டும்: முதிரை, வாகை, ஆத்தி, கொன்றை திறப்பின் நடுவில், பாலை அதற்கு அடுத்து, வீரையும் கருங்காலியும் தேக்கின் நிழல் ஓரத்தில்.

ஆகவே உங்களிடம் கேட்கிறோம்.

தோட்டப் பதிவேட்டில் "தானாய் முளைத்த உள்ளூர் மரங்கள்" என்று ஒரு நிரலைச் சேருங்கள். பெயரும் உயர வகுப்பும் எண்ணிக்கையும் அதில் ஏற வேண்டும். எந்தத் தோட்டத்திலும் மேலே சொன்ன கயிற்றுச் சதுர எண்ணிக்கை நடந்து, மட்டை ஊன்றப்படாமல் பற்றை வெட்டத் தொடங்கக்கூடாது என்று எழுத்தில் கட்டளை இடுங்கள். துப்புரவு ஒப்பந்தத்துக்கான கேள்விப்பத்திரத்தில் "அடுத்த பத்து மரம் தெரிய வேண்டும்" என்ற அளவை எடுத்துவிட்டு, அடையாளமிட்ட கன்றுகளில் எத்தனை வெட்டுக்குப் பின் உயிரோடு நிற்கின்றன என்பதைக் கொடுப்பனவின் அளவாக்குங்கள். கன்றைச் சுற்றிச் செய்யும் கைவேலைக்குத் தொழிலாளருக்குத் தனிக் கூலி வையுங்கள். நாயுண்ணியும் இப்பில் இப்பிலும் பிடுங்கும் வேலையை மார்கழி, தைக்கு மாற்றுங்கள்.

முற்றாக வெட்ட இருக்கும் தோட்டங்களில் இழுவைப் பாதையை வரைபடத்தில் குறிக்காமல் அனுமதி கொடுக்காதீர்கள். கொளுத்துவதை நிறுத்துங்கள். வெட்டிய நிலத்தில் ஹெக்டேயருக்கு நானூறு உள்ளூர்க் கன்று நிற்குமானால் அங்கே தேக்கு மீள்நடுகை வேண்டாம், அந்தப் பணத்தைக் காவலுக்கும் தீத்தடைக்கும் மாற்றுங்கள். ஒரு தேக்கந் தோட்டத்தில் இரண்டு ஹெக்டேயரில் ஒன்பது மீற்றர் வடக்குத் தெற்குத் திறப்பையும், பக்கத்து இரண்டு ஹெக்டேயரில் திறக்காமல் விட்டும், ஐந்து மாரி எண்ணிப் பாருங்கள். எங்கள் அளவு பிழையென்றால் அந்த எண்ணிக்கையே காட்டிவிடும், நாங்கள் திருத்திக்கொள்வோம்.

2 ஆண்டுக்குப் பிந்திய நடுகைக்கான உள்ளூர் மரக் கன்றுக் கட்டளையை இந்த ஆண்டே நாற்றுமேடைகளுக்குக் கொடுங்கள், இனம், எண்ணிக்கை, விதை எடுக்க வேண்டிய தாய்மரங்களின் தொகை எல்லாம் அதில் எழுதி.

இவை எல்லாம் ஒரே நாளில் ஆகாது என்பது தெரியும். ஒன்று மட்டும் உடனே ஆகக்கூடியது. வெட்டுத் தொடங்க இருக்கும் தோட்டங்களின் பட்டியலை வெளியிட்டு, ஒவ்வொன்றிலும் கத்தியை ஒரு கிழமை நிறுத்தி வையுங்கள். கயிறும் கொப்பியும் பூசிய பனை மட்டைகளும் நாங்கள் கொண்டுவருகிறோம், மரத்தின் பெயர் தெரிந்தவர்களையும் கூட்டிவருகிறோம். உங்கள் கள உத்தியோகத்தர் ஒருவரை எங்களோடு விடுங்கள். எந்தத் தோட்டம், எந்த நாள் என்பதை ஆவணி பிறக்குமுன் எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
நாற்றுமேடைகளிலும் கமங்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்வோர்,
யாழ்ப்பாணம்